பூட்டிய அலமாரியில் ஒரு நாவல்: குமரி மாவட்டப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டத்துப் பள்ளித் தலைமையாசிரியர்கள், நூலகப் பொறுப்பாசிரியர்கள், பெற்றோர் ஆசிரியர் கழகத்தார் அனைவருக்கும் வணக்கம்.

நான் குழித்துறை நீதிமன்றத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞர். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய பள்ளி நூலகத்தில் இருந்த ஓர் ஆங்கில நாவலை அண்மையில் அடுக்கிலிருந்து எடுத்து, அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். சட்டத்தை மீறுகிற ஒரு பெண்ணைக் கதாநாயகியாக்கிப் பிள்ளைகளைக் கெடுக்கிற புத்தகம் என்று சில பெற்றோர் வந்து சொன்னார்களாம். பள்ளியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அங்கிருக்கும் ஆசிரியர்கள் நல்லவர்கள், புகார் சொன்னவர்களும் பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர்கள்தான். ஆனால் இளையோருக்கான நாவல்களில் சட்டமும் விதிமீறலும் எப்படி வர வேண்டும் என்ற கேள்வி ஒரு பள்ளியோடு முடிகிற கேள்வி இல்லை. அதனால்தான் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அந்த நாவல் சூசன் காலின்ஸ் எழுதி 2008இல் வெளிவந்த 'தி ஹங்கர் கேம்ஸ்'. மூன்று பாகக் கதையில் முதல் பாகம். அமெரிக்காவிலும் இதற்கு எதிர்ப்பு உண்டு. பள்ளிகளிலிருந்தும் நூலகங்களிலிருந்தும் எடுக்கச் சொல்லி அதிகப் புகார் வரும் பத்துப் புத்தகங்களை அமெரிக்க நூலகச் சங்கம் ஆண்டுதோறும் பட்டியலிடுகிறது. 2010, 2011, 2013 ஆகிய ஆண்டுகளின் பட்டியலில் இந்தப் பெயர் இருந்தது. ஆக, நம் ஊர்ப் பெற்றோரின் கவலை புதிது இல்லை. அதற்கு மரியாதையோடு பதில் சொல்லவேண்டும்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பனெம் என்று ஒரு கற்பனை நாடு. செல்வம் கொழிக்கும் ஒரு தலைநகர், அதற்கு உழைத்துக் கொட்டும் பன்னிரண்டு மாவட்டங்கள். முன்பு ஒருமுறை மாவட்டங்கள் கிளர்ச்சி செய்து தோற்றன. அதற்குத் தண்டனையாக, ஒவ்வொரு மாவட்டமும் 12 முதல் 18 வயதுக்குள் ஓர் ஆண்பிள்ளையையும் ஒரு பெண்பிள்ளையையும் ஆண்டுதோறும் குலுக்கல் போட்டு அனுப்ப வேண்டும். அந்த 24 பிள்ளைகளும் ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். கடைசியில் உயிரோடு இருப்பவர் வெற்றியாளர். நாடே அதைத் தொலைக்காட்சியில் பார்க்கும். பன்னிரண்டாம் மாவட்டத்தில் தங்கையின் பெயர் வந்ததும், அவளுக்குப் பதிலாக நான் போகிறேன் என்று முன்வருகிற பதினாறு வயது காட்னிஸ்தான் கதை சொல்கிறாள்.

இதில் எது சட்டம், எது மீறல் என்று பாருங்கள். பிள்ளைகளைக் கொல்ல அனுப்புவதுதான் அங்கே சட்டம். கிளர்ச்சி முடிந்தபோது எழுதிய உடன்படிக்கையில் அது இருக்கிறது. குலுக்கல் நாளன்று மேயர் மேடையில் நின்று அதை வாசிக்கிறார். முத்திரை, ஆவணம், சடங்கு, காவல் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. அங்கே சட்டத்துக்குக் கீழ்ப்படிவதென்றால் தங்கையைச் சாவதற்கு அனுப்பிவிட்டுக் கை கட்டி நிற்பது. அப்படியிருக்க, 'சட்டத்தை மீறுகிறாள்' என்பதை மட்டும் வைத்து ஒரு கதையை எடைபோட முடியாது. எந்தச் சட்டம், யார் போட்டது, மீறியதால் யாருக்கு என்ன ஆனது என்று கேட்டாக வேண்டும். இந்த நாவல் பிள்ளைகளைக் கேட்க வைப்பதும் அதைத்தான்.

என் தொழிலால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அந்த மாவட்டத்தைச் சுற்றியுள்ள வேலி. எந்நேரமும் அதில் மின்சாரம் ஓட வேண்டும் என்பது விதி. ஆனால் ஊருக்கே மாலையில் இரண்டு மூன்று மணி நேரம்தான் மின்சாரம் கிடைக்கிறது. காட்னிஸ் வேலியருகே நின்று காது கொடுத்துக் கேட்பாள். சத்தம் இல்லையென்றால் வேலியைக் கடந்து காட்டுக்குப் போய்விடுவாள். அப்பா சுரங்க விபத்தில் இறந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. அம்மா செயலிழந்து கிடக்கிறாள், தங்கைக்குச் சோறு போட வேண்டும். திருட்டு வேட்டைக்குக் கடுந்தண்டனை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் தண்டிக்க வேண்டிய காவலர்களே அவளிடம் கறி வாங்குகிறார்கள். மேயர் வீட்டுக்கு அவள் பறித்த ஸ்ட்ராபெரிப் பழம் போகிறது.

இரண்டாம் பாகத்தில் புதிய காவல் தலைவர் வருகிறார். காட்னிஸின் நண்பன் கேல் ஒரு காட்டு வான்கோழியோடு பிடிபடுகிறான். ஊர்ச் சதுக்கத்தில் கம்பத்தில் கட்டி, முதுகுத் தோல் கிழியும்வரை சவுக்கால் அடிக்கிறார்கள். சட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. அதிகாரி மாறினார், அவ்வளவுதான்.

நீதிமன்ற வராந்தாவில் நிற்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 'எல்லாரும் செய்யுறதுதானே சார், எங்களை மட்டும் ஏன் பிடிச்சாங்க' என்ற கேள்வியைக் கேட்காத வாரம் எனக்கு இல்லை. நடைமுறைப்படுத்தாமல் விட்ட சட்டம் செத்துப்போன சட்டம் இல்லை, கூரையில் செருகி வைத்த அரிவாள். யார் மேல் கோபமோ அவர்களுக்காக அது வெளியே வரும். சட்டக் கல்லூரியில் எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தராத விஷயம் இது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு வேலியையும் ஒரு வான்கோழியையும் வைத்து இந்த நாவல் புரிய வைத்துவிடுகிறது.

விதியை மீறுவது பற்றிப் பிள்ளைகள் நாவலில்தான் கற்றுக்கொள்கிறார்கள் என்று நினைப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் மாலை டியூஷன் விடும் நேரத்தில் சாலையோரம் நின்று பாருங்கள். லைசென்ஸ் எடுக்கும் வயது ஆகாத பிள்ளைகள் ஹெல்மெட் இல்லாமல், மூன்று பேராக வண்டியில் போவார்கள். சாவியைக் கொடுத்தது யார்? 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 199ஏ பிரிவின்படி, சிறார் வண்டியோட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோதான் பொறுப்பு. 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து, அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இதைச் சொன்னால் 'நம்ம ஏரியாவுல யாரு பிடிக்கப் போறா' என்கிறார்கள். வேலியில் மின்சாரம் ஓடாத நேரம் பார்த்து நுழைகிற அதே பழக்கம்தான். என்ன வித்தியாசம் என்றால், காட்னிஸ் பசிக்காகப் போனாள், பிடிபட்டால் தன் உயிர் போகும் என்று தெரிந்து போனாள். நம் பிள்ளைகளோ மற்றவர் உயிரைப் பணயம் வைத்து, வசதிக்காகப் போகிறார்கள். இந்த வித்தியாசத்தை வகுப்பறையில் பேச இதைவிட நல்ல புத்தகம் எனக்குத் தெரியாது.

குலுக்கலையும் பாருங்கள். பன்னிரண்டு வயதில் ஒரு சீட்டு, பதின்மூன்றில் இரண்டு என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே விதிதான். ஆனால் வீட்டில் பசி என்றால் கூடுதல் சீட்டு எழுதிக் கொடுத்து, ஓர் ஆளுக்கு ஓராண்டுக்கான கொஞ்சம் தானியமும் எண்ணெயும் வாங்கலாம். அந்தச் சீட்டுகளும் ஆண்டுக்காண்டு சேர்ந்துகொண்டே போகும். பதினாறு வயதில் காட்னிஸின் பெயர் 20 சீட்டுகளில் இருக்கிறது. பதினெட்டு வயது கேலின் பெயர் 42 சீட்டுகளில். கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தேவையே இல்லை. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று நம் அரசமைப்பின் 14ஆம் பிரிவை மனப்பாடம் செய்து எழுதுகிற பிள்ளைக்கு, எழுத்தில் சமமாக இருக்கும் விதி வாழ்க்கையில் எப்படி ஏழை பக்கம் சாய்கிறது என்று இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டலாம்.

இனி நம் ஊருக்கு வருவோம். சட்டத்தை மீறியவர்களைப் பற்றிப் பிள்ளைகள் படிக்கவே கூடாது என்றால், குமரி மாவட்டத்தின் வரலாற்றில் என்ன மிஞ்சும்?

திருவிதாங்கூர் அரசு 1829இல் நாடார் பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்று ஆணை போட்டது. அது சட்டம்தான். அரசன் பெயரால் வந்த, முறையான ஆணை. அதை மீறி நம் பாட்டிமாருக்குப் பாட்டிமார் மேலாடை அணிந்து சந்தைக்குப் போனார்கள், துணி கிழிபட்டார்கள், அடிபட்டார்கள். இரணியல், கல்குளம் பகுதிகளில் நடந்தவை நமக்குப் பக்கத்து ஊர்க் கதைகள். 1859 ஜூலை 26 அன்று மேலாடை அணியலாம் என்று அரச அறிவிப்பு வந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. மீறிய பெண்கள் இல்லாவிட்டால் அந்த அரைகுறை உரிமைகூட வந்திருக்காது.

சாதிக் கொடுமையை எதிர்த்த அய்யா வைகுண்டர் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறையிருந்தார். தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகையோடு வழிபட வரச் சொன்னார். இன்றும் அவருடைய வழிபாட்டிடமான சுவாமிதோப்பில் ஆண்கள் தலைப்பாகையோடு உள்ளே போகிறார்கள். சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926இலும் 1930களிலும் சத்தியாகிரகம் நடந்தது. ஒடுக்கப்பட்ட சாதியார் அங்கே நடந்து போவதே அன்று விதிமீறல். 1936 நவம்பர் 12இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தபின்தான் கோயில் கதவும் திறந்தது.

இந்த வரலாற்றையே பிள்ளைகள் கண்ணில் படாமல் எடுத்துவிட்ட கதையும் நமக்கு உண்டு. மேலாடை உரிமைக்கான அந்தத் தோள்சீலைப் போராட்டத்தைச் சொன்ன ஒன்பதாம் வகுப்புப் பாடப்பகுதியை நீக்குவதாக 2016 டிசம்பரில் சிபிஎஸ்இ சுற்றறிக்கை விட்டது. பின்னர் 2019இல் அந்தப் பாடமே புத்தகத்தில் இல்லாமல் போனது. அப்போது இந்த மாவட்டத்தில் எத்தனை பேர் வருத்தப்பட்டோம்! இப்போது அதே வயதுப் பிள்ளைகளிடமிருந்து, அநியாயச் சட்டம் என்றால் என்ன என்று யோசிக்க வைக்கும் ஒரு நாவலை நாமே எடுத்துப் பூட்டுகிறோம்.

நாவலைப் படித்த சில பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கூடிப் பேசினார்கள். கடற்கரை ஊர்ப் பையன் ஒருவன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "அப்போ மீன்பிடித் தடைக்காலமும் அந்த வேலி மாதிரிதானா ஆன்ட்டி? எங்க அப்பாவும் ரெண்டு மாசம் சும்மாதான் இருக்காங்க."

இந்தக் கேள்வியில்தான் நாவலின் பலன் இருக்கிறது. அதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. நம் மாவட்டத்தில் தடைக்காலம் இரண்டு. கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டம் துறைமுகத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கணக்கில் வரும் முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மே மாதம் முட்டத்து விசைப்படகு கடலுக்குப் போனால் அது தொழில். சின்னமுட்டத்து விசைப்படகு போனால் அது குற்றம். ஜூலையில் அப்படியே தலைகீழ். ஒரே மாவட்டம், ஒரே தொழில். முதல் பார்வைக்கு இது கிறுக்குத்தனமான சட்டம் போலத்தான் தெரியும்.

பிள்ளைகள் அன்று மதியம் முழுக்க இதைப் பேசினார்கள். மீன் இனம் பெருகும் காலத்தில் மடிவலையை இழுத்தால் அடுத்த ஆண்டு யாருக்கும் மீன் இருக்காது என்று அந்தப் பையனே சொன்னான், அப்பாவிடம் கேட்டு வைத்திருக்கிறான். இரண்டு கடலுக்கும் பருவம் வேறு என்பதால் தேதியும் வேறு. பத்துப் படகு வைத்திருக்கும் முதலாளிக்கும் ஒரு படகுக்காரருக்கும் தடை ஒன்றுதான். வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போகிறவர்களுக்குத் தடை இல்லை. அரசு நிவாரணம் தருகிறது. அது போதாது என்று சங்கங்கள் கேட்கவும் செய்கின்றன. முன்பு 45 நாளாக இருந்தது பிறகு 61 நாளானது. ஏற்க முடியாதவர்கள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகலாம். பனெமில் வேலி எதற்கு என்று கேட்கவே ஆள் இல்லை, கேட்டால் நாக்கை அறுத்துவிடுவார்கள். அப்படி நாக்கு அறுபட்ட ஒரு பெண் கதையிலேயே வருகிறாள்.

'அப்படின்னா இதை மீறக் கூடாது, மாத்தணும்னா கேட்டு மாத்தணும்' என்று ஒரு பெண் சொன்னாள். நிவாரணம் நேரத்துக்கு வராதபோது என்ன செய்வது என்று இன்னொருத்தி கேட்டாள். அதற்கு அங்கே இருந்த யாரிடமும் உடனே பதில் இல்லை. சட்டத்தை மதிக்கக் கற்பது இப்படித்தான் தொடங்கும் என்று நான் நம்புகிறேன். கேட்கத் தெரிந்த பிள்ளைதான் நியாயமான சட்டத்தை மனதார ஏற்கும். பயத்தால் மட்டும் கீழ்ப்படிகிற பிள்ளை, போலீஸ்காரர் இல்லாத தெருவில் ஹெல்மெட்டைக் கழற்றிவிடும்.

பேச்சிப்பாறைக்கு மேலே வாழும் காணிப் பழங்குடி மக்களையும் இதோடு சேர்த்து யோசிக்கலாம். தலைமுறை தலைமுறையாகக் காட்டில் தேனும் கிழங்கும் எடுத்தவர்கள், வனச் சட்டங்கள் வந்ததும் தங்கள் காட்டிலேயே அத்துமீறியவர்கள் ஆனார்கள். 2006இன் வன உரிமைச் சட்டம் தன் முகவுரையிலேயே அதை வரலாற்று அநீதி என்று ஒப்புக்கொள்கிறது. ஒரு சட்டம் முந்தைய சட்டத்தின் தவறை ஒப்புக்கொள்வது எவ்வளவு பெரிய விஷயம்! பனெமில் அது ஒருநாளும் நடக்கவில்லை.

நாவலில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. வன்முறை பற்றிப் பெற்றோர் சொன்னது நியாயம். ஆறாம் வகுப்புப் பிள்ளை கையில் இதைக் கொடுக்க மாட்டேன். அதைவிட முக்கியமாக, மூன்று பாகங்களிலும் உருப்படியான ஒரு நீதிமன்றம்கூட இல்லை. கடைசியில் காட்னிஸ் மீதே ஒரு விசாரணை நடக்கிறது. ஆனால் அவள் ஓர் அறையில் அடைபட்டிருக்க, அவள் இல்லாமலேயே நடந்து முடிகிறது. மனநிலை சரியில்லை என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். வாசகருக்கு ஒரு சாட்சியின் சொல்கூடக் கேட்பதில்லை. ஒரு வழக்கறிஞராக இது எனக்குப் பெரிய ஏமாற்றம். அம்பும் நெருப்பும்தான் சட்டத்தை மாற்றும் என்ற எண்ணம் சில பிள்ளைகளுக்கு வரலாம். அந்த இடத்தில்தான் ஆசிரியர் வேண்டும். மனு, வாதம், தேர்தல், தீர்ப்பு என்று மெதுவாக மாறும் வழிகளையும் வகுப்பில் பக்கத்தில் வைத்துப் பேச வேண்டும்.

ஆனால் 'கலகக்காரர்களை நல்லவர்களாகக் காட்டுகிறது' என்ற புகாரை என்னால் ஏற்க முடியவில்லை. மூன்றாம் பாகத்தைப் படித்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். அழிந்துபோனதாக எல்லோரும் நம்பிய, கிளர்ச்சிக்காரர்கள் ஆளும் பதின்மூன்றாம் மாவட்டத்தில் கூடுதலாக ரொட்டி எடுத்த குற்றத்துக்காக மூன்று பேரைச் சங்கிலியில் கட்டி வைக்கிறார்கள். வெற்றி பெற்றதும் கிளர்ச்சித் தலைவி, தோற்ற தலைநகரின் பிள்ளைகளை வைத்து இன்னொரு கொலை விளையாட்டு நடத்தலாம் என்கிறாள். அதற்கு முறையாக வாக்கெடுப்பும் நடக்கிறது! அநியாயச் சட்டத்தை எதிர்த்தவர்களே அதே சட்டத்தைக் கையில் எடுக்கத் துணிவதை இவ்வளவு நேராகச் சொல்லும் இளையோர் நாவல்கள் குறைவு.

இப்போது என் கோரிக்கைகள். அந்தப் புத்தகத்தை அடுக்கில் திருப்பி வையுங்கள். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் என்று ஒரு வயது வரம்பு போட்டால் நான் எதிர்க்க மாட்டேன். இனி எந்தப் புத்தகத்தின் மேல் புகார் வந்தாலும், எடுப்பதற்கு முன் குறைந்தது இரண்டு ஆசிரியர்களாவது முழுதாகப் படிக்க வேண்டும். காரணத்தை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். புத்தகத்தை விரும்புகிற பிள்ளைகளையும் பெற்றோரையும் ஒருமுறை கேட்க வேண்டும். எங்கள் பள்ளியில் இவற்றில் ஒன்றும் நடக்கவில்லை. எழுதிய உத்தரவு இல்லாததால் யாரிடம் மேல்முறையீடு செய்வது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கதையில் கேலுக்கு நேர்ந்தது இதைவிட ஆயிரம் மடங்கு கொடுமைதான். ஆனால் காரணம் கேட்காமல், எதிர்த்தரப்பைக் கேட்காமல் தண்டிப்பது சின்ன விஷயத்திலும் தவறுதான். பிள்ளைகள் இதைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். 'ஏம்மா, யாரும் எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே' என்று என் மகள் கேட்டாள்.

சமூக அறிவியல் ஆசிரியர்கள் விரும்பினால், தோள்சீலைப் பாடத்தையும் இந்த நாவலையும் மீன்பிடித் தடைக்காலத்தையும் சேர்த்து வைத்து நான்கு வகுப்பு நடத்தலாம். நானும் வருகிறேன், காசு எதுவும் வேண்டாம். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தையும் வன உரிமைச் சட்டத்தையும் பிள்ளைகளுக்குப் புரியும் தமிழில் சில பக்கங்களாக எழுதித் தருகிறேன். புகார் சொன்ன பெற்றோரையும் அந்த வகுப்புக்கு அழையுங்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசவே விரும்புகிறேன். காலாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில் ஏதாவது ஒரு நாளைச் சொல்லுங்கள், அன்றைக்கு என் வழக்குகளைத் தள்ளி வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
குழித்துறையிலிருந்து ஒரு வழக்கறிஞர்,
ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் தாய்